மரக்காலின் பெயர்

வத்தலக்குண்டில் இருக்கும் என் அக்கா பல ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர். சென்ற ஆண்டு பரிசோதனை முடிவு வந்த மாலையில் மருத்துவர் வெளியூரில் இருந்தார். தொலைபேசியில் நான்தான் வாசித்தேன். “ஃப்ரீ டி4 பதினான்கு புள்ளி இரண்டு” என்றேன். மறுமுனையில் சற்று மௌனம். மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். இரண்டு நாள் கழித்துத் தாளை நேரில் பார்த்ததும், “அலகைச் சொல்லவில்லையே, சார்” என்றார்.

முந்தைய முறை திண்டுக்கல்லில் ஓர் ஆய்வகம் 1.1 என்று தந்திருந்தது. இம்முறை மதுரையில் இன்னோர் ஆய்வகம் 14.2 என்றது. முன்னது டெசிலிட்டருக்கு நானோகிராம். பின்னது லிட்டருக்குப் பிகோமோல். முன்னதை 12.87ஆல் பெருக்கினால் பின்னது வந்துவிடும். அக்காவின் உடலில் ஏதும் மாறவில்லை, தாள்தான் மாறியிருந்தது. இரண்டு நாள் மாத்திரை தவறியதால் கேடொன்றும் இல்லை. எல்லோருக்கும் அப்படி முடியும் என்று சொல்ல முடியாது.

பிழை என்னுடையதே. வகுப்பில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசுகிறவன் செய்யக்கூடாத பிழை அது. அங்கே நெல்லின் அளவு வரும் இடங்களில், அளந்த மரக்கால் ஆடவல்லான் என்பதும் அது ராஜகேசரிக்கு ஒத்தது என்பதும் சேர்த்தே பொறிக்கப்பட்டிருக்கும். பொன்னை நிறுத்த கல்லுக்கும் நகையை நிறுத்த கல்லுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. மரக்காலின் பெயர் இல்லாத எண் கணக்காகாது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

அலகுக் குழப்பம் தைராய்டோடு நிற்பதில்லை. டெஸ்டோஸ்டிரோன் ஓரிடத்தில் 300, இன்னோரிடத்தில் 10.4, இரண்டும் ஒன்றே. இதையாவது ஓர் ஆணையால் தீர்த்துவிடலாம். நாடு முழுவதும் ஒரு பரிசோதனைக்கு ஓர் அலகு என்று வகுத்தால் போதும். படியையும் வீசையையும் விட்டு 1960களில் லிட்டருக்கும் கிலோவுக்கும் மாறிய நாடுதானே இது.

டி.எஸ்.எச். விஷயம் வேறு. அதில் அலகால் எண் மாறுவதில்லை; இயல்பு நிலையின் எல்லை மாறுகிறது. ஓர் ஆய்வகத்தில் மேல் எல்லை 4.2, மற்றொன்றில் 4.94. 4.6 உள்ளவர் முதல் தாளில் நோயாளி, இரண்டாவதில் நலமானவர். ஹார்மோனைப் பிடிக்கும் எதிர்பொருள் கருவி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், ஒரே ரத்தத்துக்கும் எண் சற்றே மாறும். ஆகவே எல்லா ஆய்வகங்களும் ஒரே எல்லையை அச்சிடட்டும் என்ற எளிய யோசனையை நான் ஏற்கவில்லை. மரக்கால்கள் வெவ்வேறாக இருக்க, ஏட்டில் மட்டும் ஒரே பெயரை எழுதுவது ஒழுங்கன்று, மோசடி. முதலில் கருவிகள் ஒத்துப்போக வேண்டும். ஜப்பான் 2021இல் டி.எஸ்.எச். முடிவுகளை அப்படி ஒத்திசைத்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் டெஸ்டோஸ்டிரோனுக்கு அந்த வேலையைத் தொடங்கியது.

நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, முடிவுகளை ஒப்பிட்டுக் காட்டும் திட்டத்தை நடத்துகிறது. ஐ.எஸ்.ஓ. 15189 தரநெறி, தாளில் அலகும் எல்லையும் இருக்கவேண்டும் என்கிறது. ஆனால் அந்நெறிப்படி என்.ஏ.பி.எல். தரும் அங்கீகாரத்தைப் பெறுவது பெரும்பாலும் ஆய்வகத்தின் விருப்பம்தான்.

“மருத்துவருக்கு இதெல்லாம் தெரியும்” என்பார்கள். தெரியும்தான். ஆனால் மாலை நேரத்து மருத்துவமனையில் நாற்பதாவது நோயாளியின் தாளைப் புரட்டுகிறவரிடம் பெருக்கல் கணக்கை ஒப்படைப்பது நியாயமா? எண்ணின் அதே அளவு எழுத்தில் அலகு. சோதித்த கருவியின் பெயர். வயதுக்கும் கர்ப்ப காலத்துக்கும் உரிய எல்லை. ரத்தம் எடுத்த நேரம். அலகோ கருவியோ மாறியிருந்தால் அதைச் சொல்லும் ஒரு வரி. இவ்வளவுதான் கேட்கிறேன்.

அக்கா இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதிக்கொள்கிறார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான்.