மறைந்த பொட்டு

அண்மையில் கிளிநொச்சியிலே மாணவர் சிலர் தாம் எடுத்த குறும்படமொன்றை எமக்குக் காட்டினர். 2009ஆம் ஆண்டில் காணாமலாக்கப்பட்ட கணவன் என்றேனும் வருவான் என நம்பி, நெற்றிப் பொட்டை அழிக்க மறுத்து வாழும் ஒரு பெண்ணின் கதை அது. கைத்தொலைபேசியில் வண்ணத்தில் எடுத்து, துயரக் கதைக்குக் கறுப்பு வெள்ளையே பொருந்தும் என்றெண்ணிப் பின்னர் நிறத்தை நீக்கியிருந்தனர். படம் ஓடியது. பெண் இருந்தாள், பொட்டைக் காணோம்! கதை எதனை மறுத்ததோ அதனையே படம் சொல்லிவிட்டது: அவள் கைம்பெண்ணாகத் தோன்றினாள்.

இஃது எவ்வாறு நேர்ந்தது? நிறத்தை நீக்கியபின் எஞ்சுவது வெளிச்சத்தின் அளவு ஒன்றே. குங்குமமும் மாநிற நெற்றியும் ஒரே அளவான சாம்பலாய் விழுந்தால், ஒன்றில் மற்றது கரைந்துபோகும்.

"கறுப்பு வெள்ளைக்கென்றே செய்யப்பட்ட கமரா இருந்திருந்தால் பொட்டுத் தப்பியிருக்குமா, ஐயா?" என்று வினவினான் ஒரு மாணவன். நல்ல வினா.

சாதாரண டிஜிட்டல் கமராவில், ஒளியை வாங்கும் நுண்புள்ளி ஒவ்வொன்றின்மீதும் ஒரு நிற வடிகட்டி உண்டு. பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, காற்பங்கு சிவப்புக்கு, காற்பங்கு நீலத்துக்கு. வரும் ஒளியில் பெரும்பகுதி அவ்வடிகட்டியிலேயே நின்றுவிடும். தனிக் கறுப்பு வெள்ளைக் கமராவில் இவை இல்லை. ஆகவே மங்கிய விளக்கொளியிலும் படம் தெளிவாய் விழும், நுணுக்கமும் கூடும். எனினும் பொட்டைக் காக்கும் வல்லமை அதற்குத் தானாக வாய்ப்பதில்லை. வில்லையின் முன்னே பச்சைக் கண்ணாடி இட்டால் சிவப்புக் கறுத்துத் தோன்றும். அதனைப் படமெடுக்கும்போதே இடவேண்டும். மறந்தால் மறந்ததுதான்.

படச்சுருள் காலத்திலும் இதுவே நியதி. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' 1956இல் வெளிவந்தது. அதனை ஒளிப்பதிவு செய்த வில்லியம் பிளேக்குக்குப் பின்னர் நாடுவதற்கு வண்ணப் பதிவு ஏதும் இருக்கவில்லை. எந்த நிறம் எந்தச் சாம்பலாகும் என முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது அக்கால ஒளிப்பதிவாளரின் கடமையாயிருந்தது.

வண்ணத்தில் எடுத்தவருக்கோ திருத்திக்கொள்ள வழியுண்டு. மூலப் பதிவிலே சிவப்பின் பங்கைக் குறைத்துப் பச்சையின் பங்கைக் கூட்டலாம். எம் மாணவர் அவ்வாறே செய்தனர். பொட்டுக் கருமையாய் மீண்டது.

இவ்விரு வழிகளில் எது உயர்ந்தது? அல்போன்சோ குவாரோனின் 'ரோமா' (2018) வண்ணத்தில் எடுத்துப் பின்னர் மாற்றப்பட்டது. டேவிட் பிஞ்சரின் 'மாங்க்' (2020) தனிக் கறுப்பு வெள்ளைக் கமராவால் எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவுக்கான ஒஸ்கார் விருது இரண்டுக்குமே கிடைத்தது.

ஆதலின் மாணவ அன்பர்களே, விலையுயர்ந்த கமரா இல்லையே என்று ஏங்க வேண்டாம். வண்ணத்திலேயே எடுங்கள்; மூலப் பதிவை அழியாது வைத்திருங்கள். எடுப்பதற்கு முன் ஒருமுறை கறுப்பு வெள்ளையில் பார்த்து, இக்கதையில் மறையக்கூடாதது எது என்று உங்களையே கேளுங்கள். அந்தப் பெண் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் காத்த பொட்டு அது. நம் கவனக்குறைவால் அழியலாகாது.