எழுதும் கை இயங்கும்போதே

 

நம் இல்லங்களில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் தீராத நோய்க்கு ஆளாகிவிட்டால், அவர் முன்னிலையில் சொத்து, பத்திரம், வஸிய்யத் என்ற சொற்களையே எவரும் எடுப்பதில்லை. எடுத்தவர் மீது, 'வாப்பாவின் மவுத்தை எதிர்பார்க்கிறான்' என்ற பழி விழும். ஆதலால் மகன் அஞ்சுகிறான். மகள் கண் கலங்குகிறாள். மனைவி பேச்சை மாற்றுகிறாள். நோயாளியோ, பிள்ளைகளின் மனம் நோகுமே என்று தம் கவலையைத் தமக்குள்ளேயே புதைத்துக்கொள்கிறார். இந்த மவுனம் அன்பினால் விளைவதுதான். எனினும் சில நோய்களில் இதற்கு நாம் கொடுக்கும் விலை மிக அதிகம்.

அத்தகைய நோய்களில் ஒன்று பார்க்கின்ஸன் எனப்படும் நடுக்குவாதம். 1817-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதனை விரிவாக எழுதி வைத்ததால் அவர் பெயரே இந்நோய்க்கு நிலைத்துவிட்டது. மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதே இதன் காரணம். ஓய்வாக இருக்கும் கை நடுங்கும், நடை தளரும், உடல் விறைக்கும், முகத்தின் மலர்ச்சி குறையும், குரல் தணியும், எழுத்து வரவரச் சிறுத்துப்போகும். எல்லோருக்கும் நடுக்கம் இருக்கும் என்பதுமில்லை. பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டியே தோன்றினாலும், ஐம்பதுக்கு முன்னரே வருவதும் உண்டு. மருந்துகளால் பல ஆண்டுகள் நல்லபடி வாழலாம். ஆனால் நோயின் போக்கை நிறுத்தும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. நோய் நீடிக்கும்போது பலருக்கு நினைவும் சிந்தனையும் மங்கத் தொடங்குகின்றன.

இந்நோய் ஒரே நாளில் மனிதரை வீழ்த்துவதில்லை. அவகாசம் தந்தே வருகிறது. அந்த அவகாசமும் அல்லாஹ்வின் அருளே. அதை எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதே நம் முன் உள்ள கேள்வி.

மார்க்கம் காட்டும் வழி

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று சிந்தித்ததுண்டா? அது சூரத்துல் பகராவின் 282-வது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், சாட்சிகளை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று போதிக்கும் வசனம். அதே வசனத்தில், கடன்பட்டவர் பலவீனராகவோ, வாசகத்தைச் சொல்ல இயலாதவராகவோ இருந்தால், அவருடைய பொறுப்பாளர் நீதியோடு அதனைச் சொல்லட்டும் என்ற கருத்தும் இடம்பெற்றுள்ளது. சொல்லும் திறன் ஒருவரை விட்டுப் போகலாம் என்பதையும், அப்போது பொறுப்பேற்பவர் நீதி தவறக்கூடாது என்பதையும் இறைமறை முன்கூட்டியே கூறிவிட்டது.

ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வரலாறும் நமக்குப் பாடம். கடுமையான நோயில் படுத்திருந்த அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். அப்போது ஸஃது (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பெரும்பகுதியை தர்மத்துக்கு எழுதிவிட விரும்புவதாகக் கூறினார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது, அதுவே அதிகம், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதைவிட வசதியோடு விட்டுச் செல்வதே மேல் என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். வஸிய்யத்தைப் பற்றிப் பேசியதால் ஸஃது (ரலி) அவர்களுக்கு மவுத் வந்துவிடவில்லை. நலம் பெற்றெழுந்து, பிற்காலத்தில் காதிஸிய்யாப் போரில் படைக்குத் தலைமை ஏற்று, நெடுநாள் வாழ்ந்தார்கள். மவுத்தைப் பற்றிப் பேசினால் மவுத் வந்துவிடும் என்று அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

முதல் ஆலோசனை நோயாளியிடமே

தம் காரியங்களைக் கலந்தாலோசித்துச் செய்பவர்களை இறைவன் புகழ்கிறான். நம் வீடுகளிலோ ஆலோசனை அடுத்த அறையில் நடக்கிறது. நோயாளி கட்டிலில் தனியே இருக்கிறார். கை நடுங்குவதால் அறிவும் நடுங்குகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முகம் அசைவற்றிருப்பதால் மனமும் அசைவற்றது என்று கருதாதீர்கள். விடை சொல்ல அவருக்குச் சற்று நேரமாகும். அந்த நேரத்தை அவருக்குக் கொடுங்கள். மருந்து நன்கு வேலை செய்யும் பொழுது எது என்று பார்த்து, அப்போது பேசுங்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் முடிக்க முனையாதீர்கள். மகன்களை மட்டும் கூட்டாமல் மகள்களையும் அழையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைத் தொலைபேசியிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னாளில், 'எனக்குத் தெரியாமல் நடந்தது' என்ற சொல் எழாதிருக்க அதுவே வழி.

ஒப்பமும் அதிகாரமும்

எழுத்து சிறுத்துப்போவது இந்நோயின் இயல்பு என்று கண்டோம். இதனால் வங்கியிலுள்ள பழைய ஒப்பத்தோடு புதிய ஒப்பம் பொருந்தாமல் போகும். அந்நிலை வருமுன் கணக்கைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும், 'எவரேனும் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் மாற்றிக்கொள்ளலாம். ஒப்பமிடவே இயலாதவர்களுக்கும் வழியுண்டு. கைரேகையை, அதுவும் இயலாவிடில் கால்விரல் ரேகையை, வங்கிக்கு அறிமுகமான இரு சாட்சிகளின் முன்னிலையில் வைக்கலாம். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருத்தல் வேண்டும்.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. 'மகன் பெயரில் பவர் எழுதிக் கொடுத்துவிட்டோம், இனிக் கவலையில்லை' என்று நினைக்கிறோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. அதாவது, எந்த நாளுக்காக அதனை எழுதினோமோ, அந்த நாளில் அது பயன்படாது. அதன் பிறகு குடும்பத்தார் நீதிமன்றப் படியேற வேண்டும். 2024-ல், நினைவிழந்து கிடந்த கணவரின் சொத்தை நிர்வகிக்க மனைவியைப் பாதுகாவலராக நியமிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த ஆணையைப் பெற அப்பெண்மணி மேல்முறையீடு வரை செல்ல நேர்ந்தது. எனவே விற்க வேண்டியது, மீட்க வேண்டியது, திருப்பிக் கொடுக்க வேண்டியது ஏதும் இருந்தால், அறிவு தெளிவாயிருக்கும் காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

கடன், வஸிய்யத், ஹிபா

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தர வேண்டிய கடன், வர வேண்டிய கடன், பிறர் ஒப்படைத்த அமானிதம், மனைவிக்குக் கொடுக்காமல் நிற்கும் மஹர், விடுபட்ட ஜகாத், பத்திரங்கள் இருக்கும் இடம் ஆகிய அனைத்தையும் அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். மையித்தின் சொத்தில் கடனும், பின்னர் வஸிய்யத்தும் போகவே பங்கு என்பது நாம் அறிந்ததே. அந்தக் கடனை அறிந்தவர் அவர் ஒருவராகவே இருக்கக்கூடும்.

வஸிய்யத் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். வாரிசுக்கு வஸிய்யத் செய்வதானால், மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி அது செல்லாது. வங்கியில் 'நாமினி' என்று பெயர் எழுதப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவரே தவிர அதன் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். அப்பணம் வாரிசுகள் அனைவருக்கும் பங்குப்படி சேர வேண்டியது. இதில் ஏமாந்து நிற்பவர்கள் பெரும்பாலும் பெண் மக்களே.

உயிரோடிருக்கும்போதே கொடுக்கும் ஹிபாவில் மூன்று நிபந்தனைகள் உண்டு: கொடுப்பவர் அறிவித்தல், பெறுபவர் ஏற்றல், பொருளைக் கைவசம் ஒப்படைத்தல். மரணத் தறுவாயிலுள்ள நோயில் கொடுக்கும் ஹிபாவுக்கு வஸிய்யத்தின் கட்டுப்பாடுகள் வந்துவிடுகின்றன. ஆகவே இதனைக் கடைசி நேரத்துக்குத் தள்ளக்கூடாது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அவர்களின் தந்தை ஓர் அன்பளிப்பைக் கொடுத்து நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க விரும்பியபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று வினவி, இல்லை என்றறிந்ததும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். நோயாளியின் கட்டிலருகே எப்போதும் இருக்கும் பிள்ளை, அந்த அருகாமையைப் பத்திரமாக மாற்றிக்கொள்ளக் கூடாது.

மருந்தும் இபாதத்தும்

இந்நோயாளிக்கு மருந்தின் அளவைப் போலவே நேரமும் முக்கியம். லெவோடோபா மாத்திரையை உணவுக்கு அரை மணி நேரம் முன்னர் உட்கொள்வது பொதுவாக நல்லது. இறைச்சி, முட்டை, பருப்பு போன்ற புரத உணவுகள் அது உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்திக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெட்டோகுளோபிரமைடு, மனக்குழப்பத்துக்குக் கொடுக்கப்படும் ஹாலோபெரிடால் போன்றவை இந்நோயை மோசமாக்கக்கூடியவை. ஆகவே மருந்துகளின் பெயர், வேளை, தவிர்க்க வேண்டியவை ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப் பையிலும் வீட்டிலும் வையுங்கள். வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், முதலில் அந்த அட்டையைக் காட்டுங்கள்.

நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது நபிமொழி. விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் வரை நின்றே தொழ வேண்டுமென்ற நிர்ப்பந்தம் மார்க்கத்தில் இல்லை. ஒளுச் செய்யும் இடத்தில் வழுக்காத தரையும், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பியும் வையுங்கள். பகலில் பலமுறை மாத்திரை தேவைப்படுபவர், நோன்பைப் பற்றி ரமலானுக்கு முன்னரே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுத் தெளிவு பெறுவது அவசியம்; குணமாகும் நம்பிக்கையற்ற நோயாளிக்கு ஃபித்யா என்னும் சலுகை உண்டு. ஹஜ் கடமையாகியிருந்தால், கால்கள் நடக்கும் காலத்திலேயே நிய்யத் வையுங்கள். காலம் கடந்துவிட்டால் பதிலாள் மூலம் நிறைவேற்றும் வழியை ஆலிம்களிடம் கேட்டறியுங்கள்.

சுமையைப் பங்கிடுங்கள்

வயதான பெற்றோரிடம் 'சீ' என்று கூடச் சொல்லாதீர்கள் என்ற கட்டளை பிள்ளைகளுக்கு உரியது. நாமோ அதனை மருமகளின் தலையில் ஏற்றிவிட்டு மகன்கள் கடைக்குப் போய்விடுகிறோம். மாமனார், மாமியாருக்குப் பணிவிடை செய்வது அவளுடைய நற்குணம். அவள்மீது சுமத்தப்பட்ட கடமை அன்று. இரவில் புரட்டிப் படுக்க வைப்பதும், கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும், உணவைப் புரைக்கேறாமல் ஊட்டுவதும் எலும்பை ஒடிக்கும் வேலைகள். யார் எந்த நாள், யார் எவ்வளவு செலவு என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருப்பவர் பணத்தால் பங்கேற்கட்டும். நோயாளியின் பணத்திலிருந்து செலவிடுவோர் கணக்கு எழுதட்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்ஸன் நோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்து அடையாள அட்டை பெறலாம். தமிழக அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் வழியுண்டு. இதனைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டாம். நம் மஹல்லா ஜமாஅத்துகளும் இத்தகைய இல்லங்களைக் கணக்கெடுத்து, விண்ணப்பம் எழுதித் தரவும் மருத்துவமனைக்கு உடன் செல்லவும் இளைஞர்களை ஏற்பாடு செய்தால் பெரும் நன்மை உண்டு.

கடைசிக் கட்டச் சிகிச்சையைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். உயிரைப் போக்குவது ஹராம்; அதில் இரு கருத்தில்லை. ஆனால், பலன் தராத நிலையிலும் கருவிகளைப் பொருத்தி நீட்டிக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. இதுபற்றிய விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்தது. 2023-ல் அம்முறையை எளிதாக்கி, இரு சாட்சிகள் முன் ஒப்பமிட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும் என்றது. நம்பகமான ஆலிமிடமும் மருத்துவரிடமும் கலந்து முடிவு செய்யுங்கள்.

சகோதரர்களே, சகோதரிகளே! இவ்வளவும் ஒரே நாளில் செய்ய வேண்டியவை அல்ல. இந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து உணவருந்திய பின் அவர் அருகில் அமருங்கள். 'வாப்பா, உங்கள் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்' என்று மட்டும் கேளுங்கள். நெடுநாளாக இந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருந்திருக்கலாம்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.