நோன்பு வருமுன் பள்ளிவாசல் வயர்களை ஒருக்கா பாருங்க



நோன்பு நெருங்குகிறது. இன்னும் கொஞ்ச நாளில் பள்ளிவாசல் முற்றத்தில் தறப்பாள் கட்டுவோம், தராவீஹுக்கு மேலதிகமாக ஃபேன் போடுவோம், தேத்தண்ணிக்கு கேத்தல் வைப்போம். எல்லாவற்றுக்கும் ஒரே பிளக் பேஸிலிருந்து வயர் இழுப்போம். கல்யாண வீடு, மையித்து வீடு என்றாலும் இதே கதைதான். எங்கட ஊரில் எக்ஸ்டென்ஷன் வயர் என்பது ஆருக்கும் சொந்தமில்லாத சாமான். எல்லோரும் பாவிக்கிறோம், ஒருத்தரும் பார்ப்பதில்லை. இது மாற வேண்டும் என்பதுதான் என் கருத்து.

"வயர் தடிப்பாத்தானே இருக்கு, ஒண்டும் நடக்காது" என்பார்கள். தடிப்பான வயர் நல்லதுதான். ஆனால் கரண்ட் பிளக் முள்ளையும், பேஸையும், உள்ளே இருக்கிற ஸ்குரூவையும் கடந்துதான் போகிறது. அதில் ஓரிடம் தளர்ந்திருந்தால் அங்கே தடை கூடி சூடு பிறக்கும். சூட்டில் உலோகம் கறுக்கும், கறுத்தால் தடை இன்னும் கூடும். அதே இடத்தில் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். ஓ.எல். விஞ்ஞானத்தில் நாங்கள் எல்லோரும் படித்த விஷயம்தான் இது.

"ட்ரிப் சுவிட்ச் இருக்குதானே" என்பது அடுத்த ஆறுதல். ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது கரண்ட் கசிவை. பிரேக்கர் பார்ப்பது அளவுக்கு மிஞ்சிய கரண்ட்டை. தளர்ந்த பிளக்கில் கசிவும் இருக்காது, கரண்ட்டும் அளவுக்குள்தான் ஓடும். பிளாஸ்டிக் உருகத் தொடங்கினாலும் இரண்டும் பேசாமல் இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்கிறது எங்கட கையும் மூக்கும்தான்.

கணக்கையும் ஒருக்கா பாருங்கள். சதுர முள் பிளக் 13 ஆம்பியருக்குரியது. 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 3000 வாட். ஒரு கேத்தல் 2000 வாட் என்றால், ஒரே வயரில் இரண்டு கேத்தல் போட்டால் 17 ஆம்பியரைத் தாண்டும். அப்போது பிளக்குக்குள் இருக்கிற பியூஸ் போகக்கூடும். அது எங்களைக் காப்பாற்றத்தான் போகிறது. அந்த இடத்தில் சில்வர் பேப்பர் சுற்றிப் போடுகிறவர் காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு கதவைத் திறந்து வைக்கிறார். இரண்டு முள் பிளக்கைச் செருக, பேஸின் மேல் ஓட்டையில் பேனையால் குத்துகிற பழக்கமும் அப்படித்தான். அதை சின்னப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை பெரிய வேலை இல்லை. சாமானை ஓஃப் செய்துவிட்டு பிளக்கைப் போடுங்கள், கழற்றுங்கள். கழற்றும்போது பிளக்கைப் பிடித்து இழுங்கள், வயரை இழுக்க வேண்டாம். உருளையில் சுற்றிய வயரை முழுதாக அவிழ்த்துப் பாவியுங்கள், சுற்றியபடி இருந்தால் சூடு வெளியேற வழியில்லை. ஒரு எக்ஸ்டென்ஷனின் வாலில் இன்னொன்றைக் கொழுவாமல், தேவையான நீளத்தில் ஒன்றை எடுங்கள். பொருத்துகிற இடம் ஈரத் தரையில் கிடக்கக்கூடாது, பாய்க்கு அடியிலும் போகக்கூடாது. அரை மணித்தியாலம் ஓடிய பிறகு புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சுவரில் இருக்கிற சுவிட்சை ஓஃப் செய்துவிட்டு அதைக் கழற்றி ஒதுக்குங்கள். முள் கறுத்திருந்தால், பேஸ் பழுப்பேறியிருந்தால், அரம் போட்டுத் தேய்த்துச் சமாளிக்க வேண்டாம். எலக்ட்ரிசியனிடம் கொடுத்து பிளக்கையும் பேஸையும் மாற்றுங்கள். அவர் வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிப் பொருத்துவார்.

ஜெனரேட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்தக் காலத்தில் பலர் ஜெனரேட்டர் வாங்கினார்கள். இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயரால் அதைச் சுவர் பேஸுக்குக் கொடுப்பது மிகப் பெரிய ஆபத்து. ஒரு முனை கழன்றால் கையில் இருப்பது உயிருள்ள முள். மெயின் சுவிட்ச் ஓஃப் செய்யப்படாவிட்டால் அந்தக் கரண்ட் வீதிக் கம்பிக்கும் போகும். அங்கே திருத்த வேலை செய்கிற மின்சார ஊழியரும் ஒரு வீட்டுக்கு வாப்பாதான். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடாமல் வீட்டு வயரிங்குக்கு ஜெனரேட்டர் கொடுக்கவே கூடாது.

"இத்தனை வருஷமா அல்லாஹ் பாதுகாத்தான்" என்று சொல்கிறவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். தூங்குமுன் விளக்கை அணைக்கச் சொன்னவர்கள் எங்கள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டை எரித்துவிடலாம் என்ற காரணத்தையும் சொன்னார்கள். ஒரு எலி வரைக்கும் யோசித்த வழிகாட்டல் எங்களிடம் இருக்கிறது. கறுத்த பிளக்கைப் பார்த்துவிட்டு கண்ணை மூடிக்கொள்வது தவக்குல் ஆகாது.

பள்ளி நிர்வாகத்திடம் என் வேண்டுகோள் இதுதான். நோன்புக்கு முன் எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் ஒரு நாள் வெளியே எடுங்கள். தகுதியான எலக்ட்ரிசியன் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழுதானவற்றின் பிளக்கை வெட்டிவிட்டு ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் ஆராவது திரும்ப எடுத்துப் பாவிப்பார்கள். நல்லவற்றுக்கு நம்பர் போட்டு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கல்யாண வீட்டுக்கும் மையித்து வீட்டுக்கும் அவரே கொடுத்து, திரும்பி வரும்போது அவரே பார்த்து எடுக்கட்டும். தறப்பாளுக்கும் சஹனுக்கும் கணக்கு வைக்கிற நாங்கள் இதற்கும் வைக்கலாம்.

இதை உங்கள் மஹல்லா குறூப்பிலும் போட்டுவிடுங்கள். அல்லாஹ் எங்கள் எல்லோரையும் பாதுகாக்கட்டும்.