கேரட் போட்டால் போதுமா?

வியாழக்கிழமை ராத்திரி என் பேத்தியின் மடியிலிருந்து புட்டு எகிறிக் குதித்தது. கீழே மொசைக் தரை. தூக்கிப் பார்த்தால் கீழ் முன்பற்கள் இரண்டில் ஒன்று பாதிதான் இருந்தது. உதட்டோரம் துளி ரத்தம். "தாத்தா, பல் போச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

புட்டு ஒரு கினிபிக். பழுப்பும் வெள்ளையுமாக, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்தால் நிறைகிற அளவு. எட்டு மாதத்துக்கு முன்பு வாங்கியபோது கடைக்காரர் சொன்ன பராமரிப்பு முறை ஒரே வரி: "கேரட் போட்டா போதும் சார்."

அன்று இரவு வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. மிச்சப் பல்லையும் நகவெட்டியால் வெட்டிச் சமப்படுத்தச் சொன்னான் மச்சினன். பேத்தியின் காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சிய அமாக்சிசிலின் சிரப்பைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து வந்தான் மகன். எதையும் செய்யாமல் விட்டது எங்கள் அறிவினால் அல்ல, பயத்தினால். நகவெட்டி வைத்தால் பல் நெடுக்காகப் பிளந்துவிடும், அந்த சிரப் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே வாங்கிவிடும் என்று மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் இரண்டு கிளினிக்கில் "நாய், பூனைதான் பார்ப்போம்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு டாக்டரம்மா வாயைத் திறந்து கடைவாய் வரை பார்த்தார். கினிபிக்குக்கு மொத்தம் 20 பற்கள். எல்லாமே ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். வேர் கெடாமலிருந்தால் ஒடிந்த முன்பல் இரண்டு, மூன்று வாரத்தில் வந்துவிடும். "பல்லை விடுங்க, வயித்தைப் பாருங்க" என்றார். இதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். வலியில் ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தாலே ஆபத்து.

பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சில் கொடுத்தோம். புட்டுவைத் துண்டில் கொழுக்கட்டை மாதிரி பொதிந்துகொண்டு, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் சிரிஞ்சை நுழைத்து, துளித்துளியாக. அவசரப்பட்டால் புரையேறிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கும் அலாரம். தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை. வெள்ளியன்று 812 கிராம், ஞாயிறன்று 774. செவ்வாயன்று 790 என்று காட்டியபோது என் மனைவி தராசைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"என்ன சாப்பிடுது?" என்று டாக்டர் கேட்டபோதுதான் எனக்கு முகம் சுண்டியது. கேரட்டும் பெல்லட்டும். புல்? போட்டதே இல்லை. மணிக்கணக்கில் புல்லை மென்றால்தான் அதன் பல் அளவாகத் தேயும். நம்மைப் போலவே அதன் உடம்பாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. அது குறைந்தால் ஈறும் எலும்பும் பலவீனமாகும். கேரட்டில் அது சொற்பம், இனிப்புதான் அதிகம். இறக்குமதியாகும் காய்ந்த புல்லின் விலையைப் பார்த்து மலைத்துப்போய், கடைசியில் பிள்ளையார் கோயில் வாசலில் பூக்கார அம்மாவிடம் தினமும் ஒரு கட்டு அருகம்புல்லுக்குச் சொல்லிவைத்தேன். கூடவே கொத்தமல்லித் தழை, ஒரு துண்டு குடைமிளகாய்.

செல்லப் பிராணிக் கடைகளுக்கென்று மத்திய அரசு 2018-இல் விதிகள் கொண்டுவந்தது. அதில் கினிபிக்கின் பெயரும் இருக்கிறது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. நல்லது. ஆனால் கல்லாவில் நிற்பவர் என்ன சொல்லி விற்கிறார் என்பதில்தானே பிராணியின் உயிர் இருக்கிறது? ஒவ்வொரு பிராணியோடும் தமிழில் ஒரு துண்டுச்சீட்டு தரவேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். என்ன தின்னும், எது ஆகாது, ஊரில் இதைப் பார்க்கும் டாக்டர் யார் என்ற மூன்று விஷயம் போதும். மூன்றாவதை நிரப்ப முடியாத கடை அந்தப் பிராணியை விற்கக் கூடாது.

கடைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. மிக்ஸி வாங்க நான்கு கடை ஏறி இறங்கியவன் நான். வாரண்டி அட்டையைக்கூடப் படித்தேன். இதற்கு ஒரு கேள்வி கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் இரண்டு பல்லும் சமமாகிவிட்டன. நேற்று சதுர்த்திக்குக் கட்டி வைத்திருந்த அருகம்புல் மாலையில் பாதியைக் காணோம். பேத்தி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.