மூன்று லிட்டர்

காலில் முள் தைத்துச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். கையில் புண் என்றால் அக்குளில். பல் சொத்தையானால் தாடைக்குக் கீழே. இதைத் தெரிந்துகொள்ள நம் பாட்டிமார் யாரும் மருத்துவக் கல்லூரிக்குப் போகவில்லை. “நெறி கட்டியிருக்கு, கால்ல எங்கயாவது காயம் இருக்கா பாரு” என்று பேரப்பிள்ளையின் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அங்கே ஒரு காயம் இருக்கும். உடம்பின் எந்தப் பகுதி நிணநீர் எந்த நிணநீர்க் கணுவில் போய்ச் சேருகிறது என்பது அவர்களுக்கு விரல்நுனியில் இருந்தது. பாடப்புத்தகமோ ரத்த ஓட்டத்துக்குப் படம் போட்டுப் பக்கங்களை ஒதுக்கிவிட்டு, நிணநீர் மண்டலத்தை ஒரே பத்தியில் முடித்துக்கொள்ளும். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வராது.

கணக்கைப் பார்த்தால் இந்த அலட்சியம் நியாயமில்லை என்று புரியும். இதயம் தள்ளுகிற ரத்தம் தந்துகிகளுக்குள் நுழையும்போது அதன் நீர்ப்பகுதி சுவர் வழியாகக் கசிந்து திசுக்களுக்குள் போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் இப்படிக் கசிகிறது, அதில் 17 லிட்டர் வந்த வழியே ரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது என்பது பழைய பாடநூல் கணக்கு. மிச்சம்தான் நிணநீர்; அதன் பங்கு இதைவிட அதிகம் என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது இருக்கட்டும், மிச்சம் 3 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். நம் ரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மாவே மொத்தம் 3 லிட்டர் அளவுதான். அந்த மிச்சத்தை யாரும் கொண்டுவந்து சேர்க்கவில்லை என்றால், ஒரே நாளில் உடம்பு வீங்கும், ரத்தக்குழாய் வற்றும். நீரோடு புரதமும் கசிகிறது; அது தந்துகிக்குள் தானாகத் திரும்ப முடியாது. காவிரிப் படுகையில் பயிர் வைப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாய்க்கால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வடிகால் தூர்ந்து கிடந்தால் பயிர் அழுகும்.

இந்த வடிகால், திசுக்களுக்கு நடுவே மூடிய முனைகளோடு தொடங்குகிறது. நுனிக் குழாய்களின் செல்கள் ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். வெளியே நீர் மிகுந்தால் அந்த இடுக்குகள் திறக்கும். உள்ளே நிறைந்தால் மூடிக்கொள்ளும். தள்ளிவிட இதயம் கிடையாது. பெரிய நாளங்களின் சுவரிலுள்ள தசை தானே சுருங்கி விரிகிறது. மீதியை நடக்கிற கெண்டைக்கால் தசையும், ஏறி இறங்கும் மூச்சும் பார்த்துக்கொள்கின்றன. பின்னோக்கி வழியாமல் வழிநெடுக வால்வுகள். இரவு முழுக்கப் பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்தால் விடிகாலையில் செருப்பு இறுகுகிறதே, அதில் சிரைகளுக்குப் பங்கு உண்டு, இந்த வடிகாலுக்கும் உண்டு.

கால் இரண்டும், வயிறும், உடம்பின் இடது மேற்பாதியும் தரும் நிணநீரை மார்பு நாளம் என்ற ஒரே குழாய் சுமக்கிறது. நீளம் சுமார் 40 சென்டிமீட்டர். முதுகெலும்பின் முன்புறமாக ஏறி, இடது கழுத்தடியில் சிரைக்குள் நீரைக் கொட்டுகிறது. வலது கைக்கும் தலை, மார்பின் வலப்பாதிக்கும் மட்டும் தனிவழி. எல்லாம் இடமும் வலமும் சமமாக இருக்கும் என்று நினைக்கிற நமக்கு இந்த ஓரவஞ்சனை விநோதம்தான். ஆனால் மருத்துவருக்கு இதில் ஒரு தடயம் இருக்கிறது. இரைப்பைப் புற்றுநோய் சில சமயம் இடது காறை எலும்புக்கு மேலே ஒரு கட்டியாகத்தான் முதலில் கைக்குத் தட்டுப்படும். 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ இதைக் குறித்துவைத்தார். அந்தக் கணு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஐரோப்பாவில் இந்த நாளங்கள் வெளிச்சத்துக்கு வந்ததே தற்செயல். 1622இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பாரோ அசெல்லி ஒரு நாயின் வயிற்றை அறுத்தபோது, குடலைச் சுற்றி வெள்ளை இழைகள் தெரிந்தன. நரம்பு என்று நினைத்து ஒன்றைக் குத்தினார். பால் போல ஏதோ வடிந்தது. அடுத்து வேறொரு நாயை அறுத்தார், ஒன்றையும் காணோம். முதல் நாய் அப்போதுதான் வயிறு நிறையத் தின்றிருந்தது, இரண்டாவது பட்டினி! உணவுக் கொழுப்பு இந்தப் பாதையில்தான் ரத்தத்துக்குப் போகிறது என்பது பிறகு தெளிவானது. 1651இல் பிரெஞ்சுக்காரர் ழான் பெக்கே மார்பு நாளத்தை விவரித்தார். சுவீடனின் ருட்பெக்கும் டென்மார்க்கின் பார்த்தொலினும் மற்ற நாளங்களை முதலில் கண்டது யார் என்று சண்டை போட்டார்கள்.

நிணநீர் வரும் வழியில் ஏறக்குறைய 600 கணுக்கள். வரும் நீரை அங்கே வெள்ளணுக்கள் சோதிக்கின்றன. கிருமி இருந்தால் அதை எதிர்க்கும் செல்கள் பெருகுகின்றன. நெறி கட்டுவது அந்தப் பெருக்கம்தான். ஆகவே காயத்தோடு வந்து, காயம் ஆறியதும் வடிந்துவிடும் நெறியைக் கண்டு பதற வேண்டாம். வாரக்கணக்கில் வலியில்லாமல் வளரும் கட்டியை அப்படி விட்டுவிடக்கூடாது. கழுத்தில் வரிசையாகக் கட்டும் கண்டமாலைக்குப் பல சமயம் காசநோய்தான் காரணம். வலிக்கவில்லையே என்று மாதக்கணக்கில் பற்றுப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது நகரத்து அழகு நிலையங்களில் ‘லிம்ஃப் டீடாக்ஸ்’ வந்துவிட்டது. முகத்தைக் கல்லால் வருடி நச்சை வெளியேற்றுகிறார்களாம். நிணநீர் எங்கும் வெளியேறுவதில்லை, ரத்தத்துக்குத்தான் திரும்புகிறது. மார்பகப் புற்றுக்காக அக்குள் கணுக்களை எடுத்த பெண்களுக்குக் கை வீங்கும்போது, பயிற்சி பெற்றவர்கள் மென்மையாக நீவிக் கட்டுப் போடுவது உண்மையான சிகிச்சை. கை கால் நன்றாக இருப்பவர்களுக்கு அந்தக் காசு மிச்சம்; நடந்தாலே போதும்.

வடிகால் அடைபட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு நேரிலேயே பார்த்திருக்கிறது. கும்பகோணம் என்றதும் யானைக்காலையும் சேர்த்தே நினைத்த காலம் ஒன்று இருந்தது. தேங்கிய சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு கடிக்கிறது. அதன் வழியே வரும் நுண்புழு நிணநீர் நாளத்துக்குள் வளர்ந்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே குடித்தனம் நடத்துகிறது. நாளம் விரிந்து வால்வுகள் கெடுகின்றன. புழுவின் குஞ்சுகள் ரத்தத்தில் மேலே வருவது பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல்தான், கொசு கடிக்கும் நேரத்தில். அதனால்தான் சுகாதார ஊழியர்கள் ராத்திரியில் கதவைத் தட்டி விரலில் ரத்தம் எடுத்தார்கள். வீடு வீடாகப் புழுவுக்கு எதிரான டி.இ.சி. மாத்திரை கொடுத்த இயக்கத்தால் நோய் வெகுவாகக் குறைந்தது. இலங்கை இன்னும் முன்னே போய்விட்டது. யானைக்கால் அங்கே பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆனால் புழு செத்தாலும் வீங்கிய கால் பழையபடி ஆவதில்லை. காலைப் பெருக்க வைப்பது புழு மட்டும் இல்லை. காலில் தேங்கிய நிணநீருக்குள், விரலிடுக்கு வெடிப்பு வழியாக நுழையும் சாதாரண பாக்டீரியாவும்தான். குளிர்காய்ச்சல் வந்து, கால் சிவந்து, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தடிக்கும். பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெரூசா ட்ரையர் என்ற மருத்துவர் 1990களில் நோயாளிகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தது எளிய வேலை: தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றிக் காயவைத்து, படுக்கும்போது காலை உயர்த்தி வைப்பது. காய்ச்சல் வருவது குறைந்தது. இங்கேயும் நோயாளிகளுக்கு டப், மக், சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய தொகுப்பு தரப்படுகிறது. முற்றிய நிலையில் உள்ளவர்களுக்குத் தமிழக அரசின் மாத உதவித்தொகையும் உண்டு. குனிந்து தன் பாதத்தை எட்ட முடியாத எழுபது வயதுக்காரருக்கு, அந்த மக்கில் தண்ணீர் மொண்டு விரலிடுக்கைக் கழுவிவிட வீட்டில் தினமும் ஓர் ஆள் வேண்டும்.