லீவு கொடுத்தால்தான் உயிர்ப்பா?

தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளிக்குப் பொது விடுமுறை கிடையாது. சபாவிலும் சரவாக்கிலும் உண்டு. இது நியாயமில்லை என்று ஒருவர் மனுப் போட்டால் நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் ஜொகூரின் தங்காக் அன்பியக் கூட்டத்தில் பேசிய பெரியவர் அதோடு நிற்கவில்லை. லீவு இல்லாத இடத்தில், உயிர்ப்பின் அர்த்தத்தை அன்றாட வாழ்க்கையில் காப்பாற்றுங்கள் என்று பாதர் சொல்வது வெறும் உபதேசம் என்றார். பிழைப்பைப் பார்க்கிறவனுக்கு ஈஸ்டர் என்றால் வருஷத்துக்கு ஒரு ராத்திரி, ஒரு பூசை, ஒரு பிரியாணி. அதற்கு மேல் கேட்கக் கூடாதாம். கோயில் வேறு, கடை வேறு என்று முத்தாய்ப்பும் வைத்தார். பலர் தலையாட்டினார்கள். ஆட்டியவர்களில் பெரும்பாலோர் சொந்தத் தொழில் செய்கிறவர்கள் என்பதைக் கவனித்தேன்.

வயதுக்கு மரியாதை கொடுத்து அவரை ஐயா என்றே அழைக்கிறேன். அவர் வாதத்துக்கு அந்த மரியாதையைக் கொடுக்க முடியவில்லை.

முதலில் லீவுக் கணக்கைப் பார்ப்போம். ஐயாவுக்கு மறதி வரலாம், ஊருக்கே வரக் கூடாது. 2014 ஜனவரி 1 முதல் 2024 கடைசி வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அரசாங்க அலுவலகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அதுதான் சட்டம். அப்படியென்றால் 11 வருஷம் தொடர்ந்து பெரிய வெள்ளி நமக்கு லீவு நாள். யாரும் கேட்கவில்லை, போராடவில்லை. தானாக வந்து மடியில் விழுந்தது. கோலாலம்பூர்க்காரர்கள் ஆண்டு விடுப்பில் ஒரு நாளை வெட்டிக்கொண்டு சிலுவைப் பாதைக்குப் போனபோது, தங்காக் ஆசிரியரும் குமாஸ்தாவும் வீட்டில் நிதானமாகக் குளித்துவிட்டுப் போனார்கள். ஐயா சொல்வது சரியென்றால், அந்த 11 வருஷத்தில் தீபகற்பத்திலேயே ஆழமான கிறிஸ்தவர்கள் நாமாக இருந்திருக்க வேண்டும். இருந்தோமா? கூட்டம் வந்தது உண்மை. மூன்று மணி வழிபாடு முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதே, நாளைக்கும் லீவுதானே, மலாக்கா போய்வரலாமா என்ற பேச்சும் வந்தது.

இதன் மறுபக்கத்தை ஐயா தொடவே இல்லை. அதே 11 வருஷமும் உயிர்ப்பு ஞாயிறு ஜொகூரில் வேலை நாள். பிள்ளைகள் சீருடை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். 2022, 2023, 2024 ஆகிய மூன்று வருஷமும் ஈஸ்டர் நோன்பு மாதத்துக்குள் வேறு விழுந்தது. தங்காக் துணிக்கடை ஊர். ஹரிராயாவுக்கு முந்தைய வாரங்களில் இங்கே கடைவீதியில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. வெளியூர்க் குடும்பங்கள் சட்டைத் துணிக்கும் திரைச்சீலைக்கும் வந்து குவியும். 2024-இல் ஈஸ்டர் மார்ச் 31, ஹரிராயா ஏப்ரல் 10. சனி இரவு திருவிழிப்பில் மெழுகுதிரி பிடித்து நின்றுவிட்டு, ஞாயிறு காலையில் கடை திறந்ததும் துணி அளந்து வெட்டிக் கொடுக்கப் போன பெண்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய உயிர்ப்பு எங்கே குறைந்தது என்று ஐயா காட்டட்டும்.

2025 ஜனவரி 1 முதல் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறு. ஈஸ்டர் ஞாயிறு திரும்பிக் கிடைத்தது, பெரிய வெள்ளி கைவிட்டுப் போனது. ஞாயிறு வேலை நாளாக இருந்தபோது ஞாயிறு இல்லையே என்று புலம்பியவரும் இவர்தான். ஞாயிறு வந்ததும் வெள்ளி இல்லையே என்று புலம்புகிறவரும் இவர்தான். எந்த நாளைக் கொடுத்தாலும் இவருக்குக் கிடைக்காத நாள்தான் பக்தி நாள்.

போகட்டும், லீவு வேண்டும் என்று உண்மையாகவே ஆசையென்றால் அதற்கும் வழி இருக்கிறது, புத்ராஜெயா வரை போக வேண்டியதில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி தனியார் துறைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு 11 பொது விடுமுறை. அதில் தேசிய நாள், மாமன்னர் பிறந்தநாள், சுல்தான் பிறந்தநாள், தொழிலாளர் நாள், மலேசிய நாள் ஆகிய 5 நாளில் கைவைக்க முடியாது. மீதி 6 நாளில் ஒன்றுக்குப் பதிலாக வேறொரு நாளை முதலாளியும் தொழிலாளியும் பேசி மாற்றிக்கொள்ளலாம். வாராந்தர ஓய்வு நாளையும் முதலாளியே தீர்மானிக்கிறார். ஆக, தன்னிடம் வேலை பார்க்கும் கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வெள்ளியை லீவாக்க, கடை முதலாளியான ஐயாவுக்குத் தேவை ஒரு வெள்ளைத் தாளும் கொஞ்சம் மனசும்தான். இத்தனை வருஷத்தில் அந்தத் தாள் எழுதப்படவில்லை. அரசாங்கம் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், இவர் மட்டும் ஒருவருக்கும் கொடுக்க மாட்டார். இதற்குப் பெயர் உரிமைப் போராட்டமா?

முதல் ஈஸ்டரையாவது நினைத்துப் பார்த்தாரா? ஓய்வுநாள் முடிந்து, வாரத்தின் முதல் நாள், விடியாத நேரம். பெண்கள் கல்லறைக்குப் போனது திருவிழா கொண்டாட அல்ல. ஓய்வுநாள் குறுக்கிட்டதால் பாதியில் நின்ற வேலையை முடிக்க, நறுமணப் பொருள்களைக் கையில் எடுத்துக்கொண்டு. உலகத்துக்கே தலைப்புச் செய்தியான அந்தச் சேதி முதலில் போனது வேலைக்குப் புறப்பட்ட பெண்களிடம். யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில் சீடர்கள் 7 பேர் இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காமல், விடிந்த பிறகே அவர் சொல் கேட்டு மீனோடு கரைக்கு வருகிறார்கள். அங்கே கரி நெருப்பு, மேலே மீன், பக்கத்தில் ரொட்டி. சாவை வென்றவர் நைட் ஷிப்ட் முடிந்து களைத்து வந்தவர்களுக்குப் பசியாறச் செய்து வைத்திருக்கிறார். சிங்கப்பூருக்கு விடியற்காலையில் எல்லை கடக்கிறவருக்கும், சாகில் பக்கத் தோட்டத்தில் செம்பனைக் குலை தள்ளுகிறவருக்கும் இந்தக் காட்சி சட்டென்று விளங்கும். நைட் ஷிப்ட் பார்த்தறியாத ஐயாவுக்குத்தான் வாழ்க்கை வேறு, உயிர்ப்பு வேறு.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்று கான்ஸ்டன்டைன் ஆணையிட்டது 321-இல். அதுவரை கிட்டத்தட்ட 300 வருஷம் கிறிஸ்தவர்கள் ஒரு ஞாயிறும் லீவு இல்லாமல்தான் உயிர்ப்பை நம்பினார்கள், அதற்காகச் செத்தும் போனார்கள். அவர்களிடம் போய் ஐயா தன் கோரிக்கையைப் படித்துக் காட்டலாம்.

ஐயாவின் பேச்சில் ஒரே ஒரு இடம் உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது. ஒரு ராத்திரி, ஒரு பூசை, ஒரு பிரியாணி. நாம் அப்படித்தான் நடந்துகொள்கிறோம், மறுக்கவில்லை. தவக்காலம் 40 நாள் என்றால் நமக்கு நன்றாகத் தெரியும். கறி இல்லை, கல்யாணம் இல்லை, வெள்ளிதோறும் சிலுவைப் பாதை, முழங்கால் வலிக்க வலிக்க 14 நிலை. துக்கத்தைக் கொண்டாடுவதில் நம்மவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் திருச்சபை ஈஸ்டருக்கு வைத்திருப்பது ஒரு நாள் அல்ல. பெந்தகோஸ்து வரை 50 நாள். துக்கத்தைவிட மகிழ்ச்சிக்கு 10 நாள் கூடுதல். அந்த 50 நாளை என்ன செய்வதென்று நமக்குத் தெரியவில்லை. திருவிழிப்பில் மந்திரித்த தீர்த்தத்தைப் போத்தலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். அது குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே தூசி படிந்து அடுத்த வருஷம் வரை காத்திருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு ஐயா வந்து சேர்கிற முடிவுதான் விசித்திரம். செய்யவில்லை, ஆகவே செய்ய முடியாது. ஆகவே செய்யச் சொல்வதே தப்பு. இதே தர்க்கத்தை அவர் கடையில் கடன் வாங்கிய வாடிக்கையாளர் சொன்னால் ஒத்துக்கொள்வாரா?

திருவிழிப்பையே எடுத்துக்கொள்வோம். பாஸ்காத் திரியிலிருந்து ஒருவர் பற்றவைத்து அடுத்தவருக்குக் கொடுக்க, அவர் அடுத்தவருக்குக் கொடுக்க, இருட்டுக் கோயில் வெளிச்சமாகிறது. அப்பாவின் இபிஎஃப் பணத்தில் பங்கு தகராறாகி, ஆண்டுக் கணக்கில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணனும் தம்பியும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். தம்பி திரியை நீட்டுகிறான், அண்ணன் பற்றவைத்துக்கொள்கிறான், முகம் பார்ப்பதில்லை. உயிர்த்தெழுந்த அன்று மாலையில் இயேசு பூட்டிய கதவுக்குள் வந்து நின்றது யார் முன்னால்? தன்னை விட்டு ஓடியவர்கள், தெரியவே தெரியாது என்று மறுத்தவர் முன்னால். வந்ததும் கணக்குக் கேட்கவில்லை, சமாதானம் சொன்னார். அன்றாட வாழ்க்கையில் உயிர்ப்பு என்று பாதர் சொல்வது அந்த அண்ணன் தம்பி கோயில் வாசலில் காரைத் திறப்பதற்கு முன் ஒரு வார்த்தை பேசுவதைத்தான். அதற்கு எந்த அமைச்சு லீவு அறிவிக்க வேண்டும்?

பிள்ளைகளுக்கு முட்டையும் முயலும் கொடுத்தால்தான் ஈஸ்டர் நினைவில் நிற்கும் என்று ஐயா இடையில் ஒன்று சொன்னார். கொடுங்கள், சாக்லேட் முட்டையில் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. முட்டையைக் கொடுத்துவிட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டது யார் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் ‘கோயில் வேறு, கடை வேறு’. உயிர்த்தெழுதலைப் பற்றி விவிலியத்தில் மிக நீளமாக வாதாடுவது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரம். மொத்தம் 58 வசனம். கிறிஸ்து எழவில்லை என்றால் எல்லாமே வீண் என்று வாதாடி, சாவைப் பார்த்துச் சவால் விட்டு, உங்கள் உழைப்பு வீணாகாது என்று முடிக்கிறார். அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தில் என்ன வருகிறது? பணம். எருசலேமில் கஷ்டப்படுகிறவர்களுக்குக் காணிக்கை. வாரத்தின் முதல் நாள்தோறும் வருமானத்துக்குத் தக்கபடி எடுத்து வையுங்கள் என்கிறார். வானுலக எக்காளத்துக்கும் கல்லாப்பெட்டிக்கும் நடுவில் பவுல் ஒரு வரிகூட இடைவெளி விடவில்லை. ஐயா விடுகிற இடைவெளியில் லாரியே ஓட்டலாம்.

பவுலோடும் இது முடியவில்லை. கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்களை விசாரித்ததில் அவர் கண்டுபிடித்தது இவ்வளவுதான். குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுள்போல் பாடுகிறார்கள், பிறகு சத்தியம் செய்கிறார்கள். திருட மாட்டோம், கொள்ளையடிக்க மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைத் திரும்பக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல மாட்டோம். பிறகு கலைந்து போய், மறுபடி கூடிச் சாதாரண உணவு உண்கிறார்கள். உண்மையைக் கறக்க அவர் சித்திரவதை செய்தது இரண்டு அடிமைப் பெண்களை. சபையில் ஊழியம் செய்தவர்கள். அடிமைக்கு ஏது லீவு?

அந்தச் சத்தியத்தின் கடைசி வரியை நம் ஊருக்குக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். கூட்டுப் பிடித்துவிட்டு, கடைசி எடுப்புக்காரருக்கு இன்று நாளை என்று இழுக்கிறவர் நம் கோயிலில் வாசகம் வாசிக்கிறார். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும், ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் வந்ததைப் போல வந்த பிள்ளைகளின் பாஸ்போர்ட், ஓடிவிடுவான் என்ற சாக்கில் எத்தனை முதலாளிமாரின் இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது? இன்னொருவரின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படியே குற்றம். பிளினியின் கைதிகளிடம் கேட்டால் அதைச் சட்டம் வருவதற்கு முன்பே சொல்லியிருப்பார்கள். பால்மரக் காட்டில் கங்காணிக் கடனுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இது நமக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டிய விஷயமும் அல்ல.

கோயில் வேறு, கடை வேறு என்ற வசனம் யாருக்கு வசதியாக இருக்கிறது என்பது இப்போது புரிகிறதா? துணி வெட்டுகிற பெண்ணுக்கு அதனால் பத்துக் காசு லாபமில்லை. குலை தள்ளுகிறவருக்கும் இல்லை. அன்று தலையாட்டிய முதலாளிமாருக்குத்தான் அது தேவைப்படுகிறது. அடுத்த அன்பியக் கூட்டத்தில் ஐயா எனக்குப் பதில் சொல்வதாக இருந்தால் தாராளமாகச் சொல்லட்டும். லீவைப் பற்றி வேண்டாம். அந்த இழுப்பறைகளைப் பற்றிப் பேசட்டும்.