பூட்டு நம்முடையது, சாவி யாரிடம்?

கம்ப்யூட்டர் இதழில் கார் அலாரத்துக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? வெளியில் வாங்கிப் பொருத்தும் அலாரமும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். அதை வாங்கும்போது நான் செய்த தவறை, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் செய்கிறார்கள்.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சாப்ட்வேர் இன்ஜினியராக இருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு பழைய கார் வாங்கினேன். திருட்டு பயத்தில், ஒரு கடையில் அலாரமும் இம்மொபிலைசரும் பொருத்தச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ரிமோட்டைக் கொடுத்தார்கள். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம். இரவு பத்து மணி. அம்மாவுடன் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் வந்துகொண்டிருந்தேன். ஒரு பள்ளத்தில் கார் குலுங்கியது, இன்ஜின் நின்றுவிட்டது. ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. பின்னால் கன்டெய்னர் லாரியின் ஹாரன். எப்படியோ ஓரம் கட்டினேன். சாவியைத் திருப்பி நிறுத்தியதும் அலாரம் தானாகவே விழித்துக்கொண்டது. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அந்த அதிர்வில் சைரன் அலறியது. ரிமோட்டில் அணைத்தால் அடுத்த லாரிக்கு மறுபடியும் அலறல். "நம்மளையே திருடன்னு நினைக்கப் போறாங்கடா" என்றார் அம்மா.

மறுநாள் எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டைக் கழற்றிக் காட்டினார். பெட்ரோல் பம்புக்குப் போகும் வயரை வெட்டி, நடுவில் ரிலேயை வைத்திருந்தார்கள். சால்டரிங் இல்லை, வெறும் முறுக்கும் டேப்பும்தான். "ஸ்டார்ட்டர் வயர்ல வச்சிருந்தா ஓடுற வண்டி நிக்காது தம்பி" என்றார். அலாரத்தை ஓய்வில் வைக்கும் வேலெட் சுவிட்ச் கூட அங்கேயே ஒளிந்திருந்தது!

1998ல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ தயாராகத் தொடங்கியதிலிருந்து கார் செய்வது எங்கள் பகுதியின் பிழைப்பு. இணைப்புகளைச் சோதித்து அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு, அந்த இணைப்பை வெட்ட நானே காசு கொடுத்திருக்கிறேன்.

விலை உயர்ந்த அலாரம் என்றால் பயமில்லையா? 2019 மார்ச்சில், வைப்பர், பண்டோரா என்ற இரு பிரபல அலாரங்களை பிரிட்டனின் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் நிறுவனம் ஆராய்ந்தது. உரிமையாளரின் ஈமெயில் முகவரியை மாற்றி, புது பாஸ்வேர்ட் வாங்கி, கார் இருக்கும் இடத்தைப் பார்க்கவும் கதவைத் திறக்கவும் முடிந்தது. சுமார் 30 லட்சம் வாகனங்கள் ஆபத்தில் இருந்ததாக மதிப்பிட்டார்கள். தகவல் தெரிந்ததும் இரு நிறுவனங்களும் ஓட்டையை அடைத்துவிட்டன.

இம்மொபிலைசரே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாமல் அமெரிக்காவில் விற்கப்பட்ட ஹூண்டாய், கியா கார்கள் 2021க்குப் பிறகு ஏராளமாகத் திருடு போயின. 2023ல் அவற்றுக்கு சாப்ட்வேர் அப்டேட் தர வேண்டியதாயிற்று. ஆனால், தொழிற்சாலையில் பொருத்தும் இம்மொபிலைசர், சாவியிலுள்ள சிப்பை இன்ஜின் கம்ப்யூட்டரே சரிபார்க்கும் ஏற்பாடு. உங்கள் காரில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இல்லையென்றால், கடையை விட்டுக் கிளம்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த வயரை வெட்டினீர்கள்? வேலெட் சுவிட்ச் எங்கே? வயரிங் படம் எங்கே? பதில் சொல்லத் தயங்கும் கடையில் காரைக் கொடுக்காதீர்கள்.

இதே கேள்வியைக் கம்ப்யூட்டர் கடையிலும் கேளுங்கள். பயாஸ் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறார்களா? விண்டோஸ் பிட்லாக்கர் இயங்குகிறதா? அப்படியானால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீ எங்கே? இன்றே ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். உரிமையாளரால் திறக்க முடியாத பூட்டு, பாதுகாப்பு ஆகாது. அதை நடுரோட்டில் அம்மாவோடு நின்று நான் கற்றுக்கொண்டேன். நீங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே கற்றுக்கொள்ளலாம்.